தோசைக்கல்லில் ஒட்டியிருந்த கோதுமை

ஒன்பது வயதுப் பெண் குழந்தை. சீலியாக் நோய் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று தெரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா, பிஸ்கெட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அப்படியும் வயிற்றுவலி விடவில்லை. ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி அளவும் சரியாக இறங்கவில்லை. "ஒரு வாய்கூட கொடுக்கலை மேடம்" என்று அம்மா கண் கலங்கினார். நான் அவரை நம்பினேன். பதினொரு வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன்; இந்த மாதிரி வீடுகளில் தப்பு பெரும்பாலும் தட்டில் இருக்காது, அடுப்படியில்தான் இருக்கும்.

ஒரு நாள் இரவுச் சமையலை போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பாட்டி சப்பாத்தி தேய்க்கிறார். மாவு படிந்த அதே கையால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகு எடுக்கிறார். பக்கத்திலேயே குழந்தைக்கான தேங்காய்ச் சட்னி மூடாமல் இருக்கிறது. எல்லோருக்கும் சப்பாத்தி போட்டு முடித்ததும் கல்லைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அதிலேயே பேத்திக்குத் தோசை ஊற்றுகிறார். எவ்வளவு பிரியமாக ஊற்றினார் என்பதும் அந்த வீடியோவில் தெரிந்தது.

அடுத்த முறை பாட்டியும் வந்திருந்தார். கல்லில் ஒட்டியிருக்கும் கோதுமை தோசையோடு போகிறது என்றேன். "ஏம்மா, அந்தச் சூட்டுல எல்லாம் செத்துடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குளூட்டன் கிருமி அல்ல, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் புரதம். கல் எவ்வளவு காய்ந்தாலும் அது போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். நம் இரும்புக் கல்லையோ எண்ணெய் விட்டுப் பழக்கி வைத்திருக்கிறோம், யாரும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை. சீலியாக் உள்ளவருக்கு, தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் உள்ளே போனாலே சிறுகுடலின் உள்சுவர் கெடும். கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட அரை கிராம் கோதுமை மாவுதான். ஒரு சிட்டிகை!

அதனால் குழந்தைக்கென்று தனிக் கல், தனித் தோசைத் திருப்பி, தனி மாவுச் சல்லடை வாங்கச் சொன்னேன். சல்லடைக் கண்ணில் சிக்கிய மாவை எப்படித் தேய்த்தாலும் முழுசாக எடுக்க முடியாது. மரக் கட்டையும் குழவியும் அப்படித்தான். ஆனால் எவர்சில்வர் தட்டு, டம்ளர், குக்கர் எல்லாம் நன்றாகக் கழுவினால் பொதுவாகவே இருக்கலாம். பிள்ளையைத் தனித் தட்டில் ஒதுக்கி உட்கார வைக்கத் தேவையே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன். குழந்தையின் சாப்பாட்டை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் சப்பாத்தி மாவு பிசையுங்கள். ஊறுகாய்க்கும் நெய்க்கும் அவளுக்கென்று சின்ன பாட்டில் இருக்கட்டும். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்க வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது மாவு மில்லில். நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால், நம் கேழ்வரகு மாவின் முதல் கொஞ்சம் அவர்களுடைய கோதுமையோடுதான் வந்து விழும். இந்த வீட்டிலும் இடியாப்ப மாவு, கேழ்வரகு மாவு இரண்டும் மில்லில் அரைத்தவைதான். இப்போது அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்சியில் அரைக்கிறார்கள். வேலை அதிகம்தான், வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் என்று தினம் மூன்று வேளையும் அது உள்ளே போகிறது. டப்பாவின் பின்பக்கம் படித்து, அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேழ்வரகு சேமியா பாக்கெட்டையும் அப்படியே திருப்பிப் பாருங்கள், பலதில் கோதுமையும் இருக்கும். மால்ட் பானமும், உடம்புக்கு நல்லது என்று வைத்துக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் கூடவே கூடாது.

ஆறு மாதம் கழித்து வந்தபோது ஆன்டிபாடி அளவு நன்றாக இறங்கியிருந்தது. பாட்டி தன் கல்லையும் பேத்தி கல்லையும் வெவ்வேறு ஆணியில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது அம்மா, "தம்பிக்கும் கோதுமையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கூடப்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் அவனுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் கோதுமையை முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ரிப்போர்ட் வரும்வரை அவன் வழக்கம்போல் சப்பாத்தி சாப்பிடட்டும், அக்காவின் கல்லில் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.