மக்களவைக்கு மனு அனுப்பும் முன்

'பெறுநர்: மாவட்ட ஆட்சியர்' என்று தொடங்கி, அடியில் 'நகல்: முதலமைச்சர், பிரதமர், மக்களவை சபாநாயகர்' என்று முடியும் மனுக்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். வேறோர் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலை மக்களவையின் மனுக்கள் குழு எடுத்துக்கொள்வதில்லை. குறையைத் தீர்க்கும்படி அந்த நகலிலேயே தனியாகக் கேட்டிருந்தால்தான் பார்ப்பார்கள். இது தெரியாமல் பதிலுக்காக வருடக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருந்தவர்கள் உண்டு.

நாடாளுமன்றத்துக்கு மனுச் செய்யும் வழி மக்களவை நடைமுறை விதிகளில் 160ஆம் விதியிலிருந்து தொடங்குகிறது. அவையில் நிலுவையில் உள்ள மசோதா பற்றியோ, பொதுநலன் சார்ந்த விஷயம் பற்றியோ யாரும் எழுதலாம். ஆனால் பெரும்பாலான மனுக்கள் இந்த விதியிலேயே விழுந்துவிடுகின்றன. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விசாரிக்க வேண்டியது கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியது கூடாது. சட்டத்தில் ஏற்கெனவே வேறு பரிகாரம் இருந்தாலும் கூடாது. பட்டா, ரேஷன் அட்டைக்கெல்லாம் டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. 'என் பி.எஃப். ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டார்கள்' என்பது தனிக்குறை. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. '2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்த குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துங்கள்' என்பது பொதுக் கோரிக்கை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்து எழுதுங்கள்.

மூடிப்போன நூற்பாலை ஒன்றின் ஓய்வூதியர்கள் இதே கோரிக்கையோடு என்னிடம் வந்தார்கள். ஓர் எம்.பி. அலுவலகத்தில் மூன்று முறை 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். எம்.பி.யின் கையெழுத்து கட்டாயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எம்.பி.யே அவையில் மனுவை அளித்தால்தான் அவருடைய மேலொப்பம் வேண்டும். நேரே மக்களவைத் தலைமைச் செயலருக்கு அனுப்பலாம் என்று 167ஆம் விதி சொல்கிறது. எழுபது வயதில் அவர்களுக்கு அந்த மூன்று நடையும் வீண்.

அவர்கள் பையைத் திறந்தபோது எனக்குத் திக்கென்றது. பதினொரு தாள்கள் நிறையக் கையெழுத்தும் கைநாட்டும். எந்தத் தாளின் தலையிலும் கோரிக்கை இல்லை. கையெழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில் இருந்தால் ஒவ்வொரு தாளின் மேலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். கையெழுத்திட்ட ஒவ்வொருவரின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். அவர்களோ 'முருகேசன், ஆலைத் தெரு' என்ற அளவில் நிறுத்தியிருந்தார்கள். மனுவோடு பி.எஃப். அட்டை, பிரமாணப் பத்திரம், பழைய கடிதங்கள் என்று ஒரு கட்டு ஜெராக்ஸ். 163ஆம் விதிப்படி மனுவோடு எந்த ஆவணத்தையும் இணைக்கக் கூடாது. நம் அலுவலகங்கள் ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டன. இங்கே இணைப்பே குற்றம். சொல்ல வேண்டியதை மனுவுக்குள்ளேயே சொல்லி, என்ன வேண்டும் என்ற தெளிவான கோரிக்கையோடு முடியுங்கள்.

மொழிதான் எனக்கு ஆறாத விஷயம். மனு இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் இவ்விரண்டில் ஒன்றில் மொழிபெயர்ப்பும் சேர்த்து, மனுதாரரே அதில் கையெழுத்திட வேண்டும். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் ஒரு மூதாட்டி கைநாட்டு வைக்க வேண்டியிருக்கிறது. இந்த விதிகளை ஆராய்ந்து திருத்தம் பரிந்துரைப்பது சபாநாயகர் தலைமையிலான 15 பேர் கொண்ட விதிகள் குழு. மொழி விதியை மறுஆய்வு செய்யும்படி அந்தக் குழுவுக்கு எழுதச் சொல்லி உங்கள் எம்.பி.யை நெருக்குங்கள். அதுவரை மொழிபெயர்ப்பை வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குங்கள்.

மனுக்கள் குழு தருவது பரிந்துரை, தீர்ப்பு அல்ல. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கேட்ட முன்னாள் படைவீரர்களுக்கு ஆதரவாக மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2011 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அரசாணை வந்தது 2015 நவம்பரில்.

ஆலைத்தெருவில் மறுபடி வீடு வீடாகப் போனோம். இந்த முறை ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை எழுதிவிட்டுத்தான் பேனாவை நீட்டினோம்.