ரப்பர் பாலில் ஒரு மோல் கணக்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. "பால்ல அம்மோனியா ஊத்துனா கட்டாது, ஆசிட் ஊத்துனா கட்டிக்கும்" என்று அந்தப் பாட்டிமார்கள் போகிற போக்கில் சொல்வார்கள். படிவம் நான்கு வேதியியலில் பிள்ளைகளை மிரட்டுகிற மோல் (துகள்களை எண்ணும் அலகு) பாடத்தை அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நடத்தி முடிக்கலாம்.

மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்டும் பாலில் ரப்பர் மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளின் மேலும் புரதம் கலந்த ஒரு படலம், அந்தப் படலத்தில் எதிர்மின்னேற்றம். எல்லாத் துகள்களும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. பாலை அப்படியே விட்டுவைத்தால் பாக்டீரியா பெருகி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்னேற்றத்தைத் தணித்துவிட, துகள்கள் ஒட்டிப் பால் கட்டிவிடும். அம்மோனியா பாக்டீரியாவை அடக்குகிறது, பாலைக் காரத்தன்மையிலும் வைத்திருக்கிறது. பிறகு கொட்டகையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றும்போது, அந்த அமிலம் முதலில் அம்மோனியாவோடுதான் வினைபுரியும். அம்மோனியா தீர்ந்த பிறகே துகள்களின் பக்கம் திரும்பும். அப்படியானால் எவ்வளவு அமிலம் ஊற்ற வேண்டும்?

அம்மோனியா + ஃபார்மிக் அமிலம் → அம்மோனியம் ஃபார்மேட்

ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு. இப்போது வகுப்பில் ஒரு கேள்வி போடுங்கள்: 34 கிராம் அம்மோனியாவும் 69 கிராம் ஃபார்மிக் அமிலமும் சேர்ந்தால் எது முதலில் தீரும்? அம்மோனியா என்றுதான் பெரும்பாலான கைகள் உயரும். எடை குறைவாக இருப்பதுதானே முதலில் தீர வேண்டும்!

தீர்வது அமிலம். அம்மோனியாவின் ஒரு மோல் 17 கிராம், ஃபார்மிக் அமிலத்தின் ஒரு மோல் 46 கிராம். 34-ஐ 17-ஆல் வகுத்தால் 2 மோல். 69-ஐ 46-ஆல் வகுத்தால் 1.5 மோல்தான். அமிலம் முழுவதும் தீர்ந்த பிறகும் அரை மோல் அம்மோனியா, அதாவது 8.5 கிராம், பாலிலேயே கிடக்கும். பால் கட்டாது.

பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சமன்பாடு எண்ணிக்கையில் பேசுகிறது, தராசு எடையில் பேசுகிறது. கடைக்காரர் 50 சென் காசுகளை எண்ணாமல் நிறுத்தே எத்தனை என்று சொல்லிவிடலாம், ஒரு காசின் எடை தெரிந்தால் போதும். மோலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணே மோலின் வரையறை. சம வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள வாயுக்களில், சம கன அளவில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ 1811-இல் சொன்னார். அவர் பெயரைத் தாங்கும் எண்ணை அவர் கணக்கிடவில்லை. அது பின்னால் வந்தவர்களின் உழைப்பு.

டியூஷன் வகுப்புகளில் மேலே நிறை, கீழே மோலும் மோலார் நிறையும் (ஒரு மோலின் எடை) என்று ஒரு முக்கோணம் போட்டுக் கொடுக்கிறார்கள். முதல் கேள்விக்கு அது மார்க் வாங்கித் தரும். மேலே உள்ள 34, 69 கணக்கில் கைவிட்டுவிடும், ஏனென்றால் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று முக்கோணத்துக்குத் தெரியாது. அதைவிட, சமன்பாட்டை எழுதியதும் ஒவ்வொரு பொருளின் கீழும் "எத்தனை மோல்" என்று ஒரு வரி எழுத வையுங்கள். கிராம் அந்த வரிக்கு மேலே ஏறவே கூடாது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

சமன் செய்வதற்கும் ரப்பர் பாலே உதவும். சில இடங்களில் ஃபார்மிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலத்தை நீர்த்து ஊற்றுவார்கள்.

2 அம்மோனியா + 1 கந்தக அமிலம் → 1 அம்மோனியம் சல்பேட்

கந்தக அமிலம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரக்கூடியது, அதனால் இரண்டு அம்மோனியாவைப் பிடிக்கிறது. இங்கே பிள்ளைகள் கை வைக்கக் கூடாத ஒன்று உண்டு: வாய்பாட்டுக்குள் இருக்கும் சிறிய எண். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில், கணக்கு சரியாக வரட்டும் என்று நீருக்குள் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தால் அது நீர் இல்லை, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு. மாற்றலாம் என்றால் முன்னால் நிற்கும் எண்ணை மட்டும்தான்.

சமன் சரியா என்று பார்க்க எடையைக் கூட்டினால் போதும். இரண்டு அம்மோனியா 34, கந்தக அமிலம் 98, மொத்தம் 132. அம்மோனியம் சல்பேட்டின் மோலார் நிறையும் 132.

அதே அம்மோனியம் சல்பேட்தான் தோட்டத்து உர மூட்டையில் வருகிறது. 132-இல் நைட்ரஜன் 28, அதனால் மூட்டையில் 21 விழுக்காடு. யூரியாவில் 60-க்கு 28, கணக்கில் சுமார் 46.7, மூட்டையில் 46. ஒரே 50 கிலோ மூட்டை, ஒன்றில் பத்தரைக் கிலோ நைட்ரஜன், இன்னொன்றில் 23 கிலோ. அப்பா எந்த மூட்டையைத் தூக்கினார் என்று பிள்ளை கேட்டுவந்து கணக்குப் போடட்டும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 12:12:17:2 என்று அச்சிட்ட கலப்பு உர மூட்டையைக் கொடுங்கள். எண்கள் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கானவை. ஆனால் அந்த 17 பொட்டாசியத்தின் விழுக்காடு அல்ல, பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்ட அளவு. ஆக்சைடின் மோலார் நிறை 94, அதில் பொட்டாசியம் 78. 17-ஐ 78-ஆல் பெருக்கி 94-ஆல் வகுத்தால் சுமார் 14.1 வரும். மூன்றாவதாக நிற்கும் 17-ஐ முடித்தவர்கள் இரண்டாவது 12-க்குப் போகலாம், அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு.