‘இரகசியம்’ என்று எழுதிவிட்டால் முடிந்துவிடாது

சென்ற வாரமும் ஒருவர் அதே மாதிரிக் கடிதத்துடன் என் அலுவலகத்துக்கு வந்தார். தம் ஊர் ஏரியைத் தூர்வாரியதற்கான அளவைப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து பதியும் ஏடு) நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டவருக்கு, ‘கோப்பு இரகசியமானது, வழங்க இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. அதை ஐந்து மாதம் பீரோவில் வைத்திருந்துவிட்டு, “அரசாங்கமே இரகசியம்னு சொல்லிட்ட பிறகு நாம என்ன சார் செய்ய முடியும்?” என்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 8(1)-ஆம் பிரிவு, தகவலை மறுப்பதற்கான காரணங்களைப் பத்து உட்பிரிவுகளில் வரையறுக்கிறது. கோப்பின்மேல் இரகசிய முத்திரை இருப்பது அவற்றில் ஒன்றன்று. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்றோ, நடந்துகொண்டிருக்கும் புலன்விசாரணை தடைப்படும் என்றோ அலுவலர் கருதினால், எப்படி என்று காட்டும் பொறுப்பு அவருடையது. 1923-ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டத்தைச் சொல்லி மிரட்டுபவர்களும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதற்கும் மேலோங்கியது. விலக்குப் பெற்ற தகவலையும், வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் கூடுதலாக இருந்தால் வழங்கலாம் என்கிறது 8(2)-ஆம் பிரிவு. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், நாளிதழில் வெளிவந்த ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிராகரித்தபோது, இவ்விரு பிரிவுகளையும் சுட்டிக்காட்டியது. போர் விமானத்துக்கே அப்படியென்றால், ஏரி வண்டலில் என்ன இராணுவ இரகசியம் இருக்கப்போகிறது? (அந்தச் சொல்லை எழுதும் அலுவலர்களில் பலர் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.)

மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவு, என்ன காரணம், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்பவை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் வாதம். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரையின் தேதி பின்னால் தேவைப்படும். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் ஆணைக்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. கோப்பின் ஒரு பகுதி உண்மையிலேயே வெளியிடத் தகாததாக இருக்கலாம். அப்போது 10-ஆம் பிரிவைக் காட்டி மீதியைக் கேளுங்கள். தயவுசெய்து மனுவில் ‘ஏன் ஒழுங்காகத் தூர்வாரவில்லை?’ என்று சண்டை போடாதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள், அது பேசும்.

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேல்முறையீட்டை ஏற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், ஐந்து மாதம் பீரோவில் கிடந்ததைக் காரணமாக எழுத என் கை வரவில்லை. அதே நகலைக் கேட்டுப் புதிய மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.