எல்லாரும் வாங்கினாலும் விலை ஏன் பறந்துவிடுவதில்லை?

குறியீட்டு நிதிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. அண்மையில் வாசகர் ஒருவர் அதைக் கூர்மையாகவே கேட்டிருந்தார்: "ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்க எல்லாரும் முண்டியடித்தால் விலை ஏறுகிறது. இடிஎஃப் யூனிட்டும் அதே சந்தையில், அதே முறையில்தான் கைமாறுகிறது. அதை எல்லாரும் வாங்கினால் மட்டும் விலை ஏன் குறியீட்டை விட்டுப் பறந்துவிடுவதில்லை? யார் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?"

பங்கு என்பது நிறுவனத்தின் உரிமையில் ஒரு துண்டு. குறியீடு என்பது பல பங்குகளின் விலையை எடைபோட்டுச் சொல்லும் ஓர் எண். அந்தப் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஒரு நிதி, தன் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டால் அது இடிஎஃப். இவ்வளவும் தெரிந்த கதை. இதில் இரண்டு விலைகள் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நிதியின் கையிலுள்ள பங்குகளின் மொத்த மதிப்பை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது நிகர சொத்து மதிப்பு, அது கணக்கு. சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொள்ளும் விலை வேறு, அது பேரம். கணக்குக்குப் பேரம் கட்டுப்பட வேண்டும் என்று யாரும் ஆணையிடவில்லை. ஆனாலும் பெரிய பங்குகளை வைத்திருக்கும் பெரிய இடிஎஃப்களில் இரண்டும் பெரும்பாலான நாள்களில் ஒட்டியே நடக்கின்றன.

காரணம் யூனிட்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு எத்தனை பங்குகள் என்பது அன்றாடம் மாறுவதில்லை. கிராக்கி கூடினால் விலைதான் நகர்ந்தாக வேண்டும். இடிஎஃப் யூனிட்டுகளோ நாள்தோறும் புதிதாகப் பிறக்கலாம், நாள்தோறும் அழிக்கப்படலாம். கிராக்கி கூடும்போது எண்ணிக்கை நகர்ந்துகொடுக்கிறது. விலை நகர வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

யூனிட்டுகளைப் பிறப்பிக்கவும் அழிக்கவும் வழி திறந்திருப்பது ஒரு சிலருக்கு மட்டுமே. நிதியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய தரகு நிறுவனங்களும் வங்கிகளும் அவை. அங்கீகரிக்கப்பட்ட பங்கேற்பாளர்கள் என்று பெயர். நிதி இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. விலையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்வதும் இல்லை. ஒரே ஓர் உரிமையை மட்டும் கொடுக்கிறது: குறியீட்டில் உள்ள பங்குகளைச் சரியான விகிதத்தில் கூடையாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அதற்கு ஈடான யூனிட்டுகள் தரப்படும், யூனிட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் கூடை திரும்பக் கிடைக்கும். சில்லறையாகச் செய்ய முடியாது. 50,000 யூனிட் போன்ற பெரிய கட்டுகளாகத்தான் செய்ய வேண்டும்.

இனி நடப்பதை அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு யூனிட்டுக்கு உரிய பங்குகளின் மதிப்பு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவோர் கூட்டத்தால் யூனிட்டின் சந்தை விலை 100.40 டாலர் ஆகிவிட்டது. பங்கேற்பாளரின் கணினி இந்த 40 சென்ட் இடைவெளியைக் கண்ட மாத்திரத்தில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. 50,000 யூனிட்டுகளை 100.40 விலையில் விற்கிறது. அதே மூச்சில் அவற்றுக்கு ஈடான பங்குகளை 50 லட்சம் டாலருக்கு வாங்குகிறது. விற்ற யூனிட்டுகள் அப்போது அதன் கையில் இல்லை. பரவாயில்லை. சந்தை மூடிய பிறகு பங்குக் கூடையை நிதியிடம் ஒப்படைத்தால் புத்தம் புதிய 50,000 யூனிட்டுகள் கிடைக்கும். அவற்றை வாங்கியவர்களிடம் சேர்த்துவிடலாம். யூனிட் விற்ற வகையில் வந்தது 50,20,000 டாலர். கூடைக்குப் போனது 50,00,000. தரகும் கட்டணமும் போக மிஞ்சுவது லாபம்.

நான் திரும்பத் திரும்ப ரசிக்கும் இடம் இதுதான். பங்கேற்பாளர் யூனிட்டை விற்றதால் அதன் விலை சற்று இறங்குகிறது. பங்குகளை வாங்கியதால் அவற்றின் விலை சற்று ஏறுகிறது. இடைவெளி இரு பக்கமிருந்தும் மூடுகிறது. சந்தை நாளை ஏறுமா, இறங்குமா என்பது பற்றி அவருக்கு ஒரு கருத்துகூடத் தேவையில்லை. விலை சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையும் அவருக்கு இல்லை. அவர் தேடுவது தவறான விலையை. அதைத் தின்று தீர்ப்பதுதான் அவர் பிழைப்பு. யூனிட் விலை 99.60க்கு இறங்கினால் இதே வேலை தலைகீழாக நடக்கும்: யூனிட்டுகளை மலிவாக வாங்கி, நிதியிடம் கொடுத்து அழித்து, கிடைக்கும் பங்குகளை முழு விலைக்கு விற்பார்கள். குழாயால் இணைத்த இரண்டு பாத்திரங்களில் நீர்மட்டம் ஒன்றாவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஓடுவது பேராசை. மட்டம் ஒன்றாவது விலை.

குழாயிலும் உராய்வு உண்டு. கூடையைச் சேர்க்க 10 சென்ட் செலவாகும் என்றால் 8 சென்ட் விலகலை யாரும் தொடமாட்டார்கள். எனவே பேரம் கணக்கைச் சுற்றி ஒரு சிறிய பட்டைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். நாளெல்லாம் கைமாறும் பெரிய நிறுவனப் பங்குகள் என்றால் பட்டை மெலிது. எப்போதாவது கைமாறும் கடன் பத்திரங்கள், வேறு நேரமண்டலத்தில் உறங்கும் அயல்நாட்டுப் பங்குகள் என்றால் அகலம். ஓர் இடிஎஃபை எடைபோடும்போது அதன் கட்டணத்தைப் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது இந்தப் பட்டையையும் பார்க்கலாம்.

இந்த யோசனையின் வேர் ஓர் எண்ணெய்க் கிடங்கில் இருக்கிறது. நியூயார்க்கில் இயங்கிய ‘அமெரிக்கன் பங்குச் சந்தை’ என்ற நிறுவனத்தில் புதிய வணிகப் பொருள்களை உருவாக்கும் பொறுப்பில் இருந்த நேத்தன் மோஸ்ட் இயற்பியல் படித்தவர்; முன்பு தாவர எண்ணெய் வணிகத்தில் இருந்தவர். அந்தத் தொழிலில் சரக்கு கிடங்கிலேயே இருக்கும். அதற்கான ரசீதுதான் கை மாறிக்கொண்டிருக்கும். ரசீதை நீட்டினால் சரக்கு கிடைக்கும் என்ற உறுதி இருப்பதால் ரசீதின் விலை சரக்கின் விலையை விட்டு ஓட முடியாது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. மொத்தப் பங்குகளையும் ஒரே பொருளாக வாங்கி விற்க ஒரு வழி வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. மோஸ்டும் அவருடன் பணியாற்றிய ஸ்டீவன் புளூமும் பங்குகளைக் கிடங்கில் வைத்து ரசீதைச் சந்தையில் விடுவதென்று முடிவு செய்தார்கள். மோஸ்ட் முதலில், குறியீட்டு நிதிகளுக்குப் பேர்போன வான்கார்ட் நிறுவனத்தை நிறுவிய ஜான் போகிளிடம் போனார். நாளெல்லாம் வாங்கி விற்கும் பழக்கத்தை வெறுத்த போகிள் மறுத்துவிட்டார். கனடாவின் டொரான்டோ சந்தை 1990இல் இதே போன்ற ஒன்றை முந்திக்கொண்டு அறிமுகப்படுத்தியது. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் ஸ்பைடர் என்ற இடிஎஃப் 1993 ஜனவரியில் வந்தபோது மோஸ்டுக்கு வயது 78.

யூனிட்டுகளைப் பிறப்பிக்கவும் அழிக்கவும் உள்ள வாசலைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகத்தில் செய்ததுபோல ஒரு சோதனையே நடந்திருக்கிறது. கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட் என்ற நிதி பிட்காயினை வாங்கிக் குவித்துவைத்து அதற்கான பங்குகளை வெளியிட்டது. பங்குகளைப் பிறப்பிக்க வழி உண்டு, ஆனால் பிறந்த பங்கை மாதக்கணக்கில் விற்க முடியாது. திருப்பிக் கொடுத்துப் பிட்காயினை வாங்கும் வழி அறவே இல்லை. விளைவு? 2017இன் வெறியில் உள்ளிருக்கும் பிட்காயினைவிட இரு மடங்கு விலைக்கெல்லாம் அந்தப் பங்கு போனது. 2021 பிப்ரவரியிலிருந்து நிலைமை தலைகீழானது. 2022 டிசம்பரில் கணக்கு மதிப்பின் ஏறக்குறையப் பாதி விலைக்குச் சீரழிந்தது. ஒரு டாலர் பொருள் ஐம்பது சென்டுக்குச் சந்தையில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய் மாற்ற ஆளில்லை! 2024 ஜனவரியில் அது இடிஎஃபாக மாறி வாசல் திறந்ததும் தள்ளுபடி ஏறத்தாழ மறைந்தது. உள்ளே இருந்தது அதே பிட்காயின்தான்.

தனிப் பங்கின் நிலைமை இதைவிடத் தனிமையானது. ஒரு நிறுவனத்தின் பங்கை அதன் வாசலில் நீட்டி, "என் பங்குக்கு உரிய இயந்திரத்தைக் கொடு" என்று கேட்க முடியாது. கணக்கு விலை என்று ஒன்று அங்கே பளிச்செனத் தெரிவதில்லை; எதிர்கால லாபத்தைப் பற்றிய ஊகம் மட்டுமே உண்டு. ஊகத்தில் உள்ள பிழையைத் தின்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். ஆனால் மாலைக்குள் கணக்கை முடிக்க முடியாது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பலர் அதற்குள் ஓட்டாண்டியாகிவிடுவார்கள்.

தனிப் பங்குக்கு இப்படிப் பிடிமானம் இல்லாவிட்டாலும், சராசரிப் பங்கு குறியீட்டோடு சேர்ந்து ஏறாதா என்று கேட்கலாம். இங்கே சராசரி நன்றாக ஏமாற்றும். ஆண்டுதோறும் சம வாய்ப்பில் 50 சதவீதம் ஏறும் அல்லது 40 சதவீதம் இறங்கும் ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆண்டு ஏற்றம் 5 சதவீதம். பத்தாண்டில் 100 டாலர் சராசரியாக 163 ஆகும். ஆனால் ஐந்து ஏற்றமும் ஐந்து இறக்கமும் கண்ட நடுத்தரப் பங்கின் கதி 59 டாலர். இப்படி 1,024 பங்குகள் இருந்தால் சுமார் 638 பங்குகள் போட்ட பணத்தையே எட்டாது. பத்து முறையும் ஏறிய அந்த ஒரே ஒரு பங்கு 5,767 டாலராக நிற்கும். சராசரியைத் தூக்கிப் பிடிப்பவை இத்தகைய சில. இறங்கினால் பூஜ்யத்தோடு முடிந்துவிடும், ஏறுவதற்கோ கூரை இல்லை என்பதால் வரும் கோணல் இது.

கற்பனைக்கு வெளியேயும் இதே கதைதான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகள் அனைத்தையும் அலசி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மாதக் கருவூல உண்டியலைவிட (அரசு வாங்கும் குறுங்காலக் கடனுக்கான பத்திரம்) அதிகம் ஈட்டிய பங்குகள் 42.6 சதவீதமே. கருவூல உண்டியலைத் தாண்டி மொத்தச் சந்தையும் ஈட்டிய செல்வம் சுமார் 4 சதவீத நிறுவனங்களின் வேலை. அந்த 4 சதவீதம் எவை என்று முன்கூட்டித் தெரிந்தால் இடிஎஃப் தேவையே இல்லை. தெரியாததால்தான் எல்லாவற்றையும் வாங்குகிறோம்.

இந்த ஆய்வுக்கு அடித்தளமான தரவுத்தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் நிதியுதவியில் தொடங்கிய மையம், செத்துப்போன நிறுவனங்களையும் விடாமல், ஒவ்வொரு பங்கின் விலையையும் ஈவுத்தொகையையும் மாதவாரியாகத் தொகுத்துச் சரிபார்த்தது. இதைச் செய்து முடிக்க ஆண்டுகள் பிடித்தன. இத்தகைய எழுத்தர் வேலைக்குப் பணம் கொடுக்க இன்று எந்த நல்கைக் குழுவும் முகம் சுளிக்கும் என்பது என் எண்ணம். பளபளக்கும் கணிப்பு மாதிரிகளுக்குக் கொட்டுவதில் ஒரு பகுதியைத் தரவைச் சுத்தம் செய்வதற்குக் கொடுத்தால் போதும். மறுபுறம், கிரகநிலை பார்த்துப் பங்கு சொல்பவர்களுக்கு ஆதரவுக்கு என்றும் குறைவில்லை. 1,024 பேர் காசு சுண்டினால் ஒருவருக்குப் பத்து முறையும் தலை விழத்தான் செய்யும். மேடை கிடைப்பது அவருக்குத்தான்.

இடிஎஃப் குழாயும் அடைத்துக்கொள்வது உண்டு. 2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்கச் சந்தை பதற்றத்தோடு திறந்தது. பல பங்குகளில் வணிகம் தொடங்கவே தாமதமானது. கூடையில் உள்ள பங்குகளின் விலையே தெரியாதபோது யூனிட் மலிவா, விலை மிகுதியா என்று எப்படிச் சொல்வது? இடைவெளியைத் தின்ன வேண்டியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். எந்த விலைக்கானாலும் விற்றுவிடு என்ற ஆணைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு இடிஎஃப் அன்று 20 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்தது. அவற்றுள் பலவற்றின் பங்குகள் அந்த அளவுக்கு வீழ்ந்திருக்கவில்லை. அன்று மட்டும் 1,278 முறை வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டது. சந்தை திறந்த முதல் நிமிடங்களில், விலை வரம்பு குறிக்காமல் இடிஎஃபை விற்க ஆணை போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்வது இதனால்தான்.

2020 மார்ச்சில் நடந்தது இன்னும் சுவையானது. பெருந்தொற்றுப் பீதியில் பெரிய கடன் பத்திர இடிஎஃப்கள் சில, நிகர சொத்து மதிப்பைவிடச் சுமார் 5 சதவீதம் கீழே விற்றன. இடிஎஃப் உடைந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் பத்திரங்கள் அந்நாள்களில் சரிவரக் கைமாறவே இல்லை. கைமாறாத பத்திரத்தின் விலை என்று கணக்கில் எழுதப்பட்டது பெரும்பாலும் மதிப்பீடு, அதுவும் சற்றுப் பழையது. யூனிட்டுகளோ ஒவ்வொரு நொடியும் உண்மையான பணத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. பேரம் கணக்கை விட்டு விலகியது என்பதைவிட, கணக்குதான் பேரத்துக்குப் பின்தங்கிவிட்டது என்பதே பின்னர் ஆய்வாளர்கள் பலரும் எட்டிய முடிவு. அன்று பத்திரச் சந்தை எங்கே நிற்கிறது என்று அறிய விரும்பியவர்கள் பார்த்தது இடிஎஃப் விலையைத்தான்.