மணப்பாட்டில் மணல் எப்படி மேடாகிறது?

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டரில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மேடு, அதன் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கருமேனியாற்றின் கழிமுகம். செப்டம்பர் திருவிழாவை விட்டால் சந்தடி குறைந்த மீனவர் ஊர். வருகிறவர்கள் ஆலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று காலுக்கடியிலேயே கிடக்கிறது: மணல். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வெள்ளை மணல்மேடு, தேரி எனப்படும் செம்மணல் மேடு, கல்லாக இறுகிய பழைய மணல் என்று மூன்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் வெள்ளை மணல். ஈரமான அலைக்கரையைத் தாண்டி, உலர்ந்த பகுதியில், கச்சான் என்னும் மேல்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஒரு மதியம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். காற்றின் வேகம் விநாடிக்கு 5, 6 மீட்டரைத் தொட்டதும், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில், கால் மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் மணிகள் கிளம்பத் தொடங்கும். அவை பறப்பதில்லை, துள்ளுகின்றன. ஒரு மணி எழும்பி, காற்றில் வேகம் பிடித்து, சற்றுத் தள்ளி விழும். விழும் வேகத்தில் அங்கே கிடக்கும் வேறு சில மணிகளைத் தட்டிக் கிளப்பிவிடும். ஆகவே ஓட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால், காற்று கொஞ்சம் தணிந்தாலும் உடனே நிற்காது. இந்தத் துள்ளல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் நடக்கிறது. மணல் கணுக்காலில் சுள்ளென்று அடிக்கும்போது முகத்தில் ஒன்றும் படாதது இதனால்தான்.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் மணல் இரட்டிப்பாக நகரும் என்று நினைக்க வேண்டாம். நகரும் அளவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது: இருமடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு மணல். ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930களில் காற்றுச் சுரங்கம் (வேண்டிய வேகத்தில் காற்றைச் செலுத்தும் சோதனைக் குழாய்) அமைத்துக் கண்ட உறவு இது. வருடம் முழுக்க வீசும் இளங்காற்றைவிடச் சில பலத்த காற்று நாட்களே மேட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

இதைச் சோதிக்க ஒரு தம்ளர் போதும். அதன் விளிம்பு மணல் மட்டத்துக்குச் சமமாக வரும்படி புதைத்து, பத்து நிமிடம் கழித்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அலைக்கரைக்கு ஐந்து மீட்டரில் ஒன்று, ஐம்பது மீட்டரில் ஒன்று வைத்தால் இரண்டாவதில்தான் அதிகம் சேரும். அலைக்கரைக்கு அருகே மணல் ஈரம். எடையில் நான்கைந்து விழுக்காடு ஈரம் இருந்தாலே மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதோடு, ஒரு மணி பலவற்றைக் கிளப்பி ஓட்டம் முழு அளவை எட்டுவதற்குச் சில பத்து மீட்டர் உலர்ந்த பரப்பு வேண்டும். குறுகிய கடற்கரைகளில் பெரிய மேடுகள் அரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். மன்னார் வளைகுடாவில் ஓதத்தால் கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், கரையின் பெரும்பகுதி நாள் முழுக்க உலர்ந்தே கிடக்கிறது.

மேட்டின் சரிவைக் கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியால் அளக்கலாம். காற்று ஏறும் பக்கம் 10 முதல் 15 பாகை வரை, மறுபக்கம் 32 முதல் 34 பாகை. உலர்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. உச்சியில் சேரச்சேரச் சரிந்து விழும். இப்படிச் சரிந்து சரிந்துதான் மேடு முழுவதும் காற்றுப் போக்கில் நகர்கிறது.

அதை நிறுத்தி வைப்பவை இரண்டு செடிகள். ஒன்று ராவணன் மீசை: குத்தும் இலை கொண்ட முரட்டுப் புல். அதன் முள்ளுருண்டை போன்ற விதைத்தலை கடற்கரையில் உருண்டோடிக்கொண்டிருக்கும். மற்றொன்று அடப்பங்கொடி, சங்கப் பாடல்கள் மானடி போன்ற இலை என்று பாடிய அதே அடும்பு. கொடியின் ஒரு கணுவைத் தூக்கிப் பாருங்கள், அடியில் வேர் இருக்கும். மணல் மூடினால் மற்ற செடிகள் சாகும். இவை மூடிய கணுவில் புது வேர் விட்டு மேலே வரும். இலைகளுக்கிடையே காற்றின் வேகம் குறைவதால் இன்னும் மணல் விழும், செடி இன்னும் உயரும். கடலை ஒட்டிய முதல் வரிசை மேடு வளர்வது இப்படித்தான்.

உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் குதிரைமொழித் தேரி.  மேற்கிலுள்ள வறண்ட செம்மண் நிலத்திலிருந்து கச்சான் காற்று வாரிக்கொண்டு வந்த மணல் இது என்பது பரவலான விளக்கம். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு. தேரி மிகப் பழையது. கற்கால மனிதரின் நுண்கற்கருவிகள் இந்த மணலில் கிடைத்திருக்கின்றன.

மூன்றாவது, ஆலயத்தைத் தாங்கும் மேட்டுப் பாறை. சிப்பித்தூள் கலந்த மணலில் மழைநீர் இறங்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைக்கும். அது உலரும்போது மணிகளுக்கிடையே மறுபடி படிந்து ஒட்டவைக்கும். இதுவே நெடுங்காலம் நடந்தால் மணல் கல்லாகும். உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் சிறு குமிழ்கள் வரும். தேரி மணலில் அப்படி வருவதில்லை. பாறையைத் தட்டிப் பெயர்க்க வேண்டாம், கீழே கிடப்பதே போதும். கையில் வலுவான காந்தம் இருந்தால் அலைக்கரையில் கறுப்புக் கோடாகப் படியும் மணலிலும் வைத்துப் பாருங்கள். இரும்பு கலந்த கனிமங்கள் ஒட்டும். அவை சாதாரண மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸைவிடக் கனமானவை. அலை இலேசான மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போக, இவை தங்கிவிடுகின்றன.

மணல்மேட்டின் பெரிய பயன் நீர்தான். மழைநீர் மணலில் இறங்கி, கீழுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும். நன்னீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.000 கிராம், கடல்நீரின் அடர்த்தி 1.025 கிராம். இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. குறுக்கே களிமண்ணோ பாறையோ வந்தால் ஆழம் குறையும். இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்: மோட்டார் வைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் 20 மீட்டர் மேலேறலாம். கையால் தோண்டிய ஆழமற்ற ஊற்று இனிக்கும்போது பக்கத்து ஆழ்துளைக் கிணறு உவர்ப்பது இதனால்தான். தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையும் மணல் சேர்த்து வைத்த மழைநீரே.

இந்த அமைப்பு கெடுவது பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையில் தொடங்குகிறது. ஒரே தடத்தில் நடந்து நடந்து கொடி அறுந்தால் அந்த இடைவெளியில் காற்று குவிந்து வேகம் பிடிக்கும், பள்ளம் விழும், பக்கங்கள் சரியும். ஈர மணல் தட்டுப்படும் வரை காற்று தோண்டிக்கொண்டே போகும். புயலலை வரும்போது நீர் உள்ளே புகும் வாசலும் அதுவே. ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஏறினால் இது இன்னும் விரைவாக நடக்கும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகக் கூருணர்வுள்ள, அதாவது எளிதில் கெடக்கூடிய, பகுதிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனாலும் மேட்டைச் சமப்படுத்தினால்தான் கடல் தெரியும் என்று நினைப்பவர்கள் குறையவில்லை.

பள்ளத்தை அடைக்கச் சுவர் கட்டக் கூடாது. காற்று சுவரின் அடியையே அரித்துவிடும். பனை மட்டையால், ஏறக்குறைய பாதி இடைவெளி விட்டு, 1 மீட்டர் உயர வேலியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினால், காற்று ஊடுருவும்போதே வேகம் இழந்து இரு பக்கமும் மணலைப் போட்டுவிடும். வேலி மூடியதும் அதன் மேலேயே அடுத்த வேலி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில், மூன்று நான்கு கணுக்கள் கொண்ட அடப்பங்கொடித் துண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் மழையிலேயே வேர் பிடித்துவிடும். கோடையில் நட்டவை நிற்காது. மேல் மணல் நண்பகலில் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும்.