நவதாராளவாதம்: தாராளமும் தாரைவார்ப்பும்

தமிழில் தாராளம் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயரே கிடையாது. தாராள மனசு, தாராளமாகச் சாப்பிடுங்க, வீடு தாராளமாக இருக்கு என்று எல்லாமே நல்லவைதான். அதனால் ஆங்கில 'நியோலிபரலிச'த்துக்குத் தமிழாக வந்த நவதாராளவாதம் என்ற சொல்லை முதன்முதலாகப் படிக்கிறவர், ஏதோ புது மாதிரி அள்ளிக் கொடுக்கும் கொள்கை போலிருக்கிறது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெண்ணிய மேடைகளில் 'நவதாராளவாதத்தையும் அதிவலதுசாரி அரசியலையும் எதிர்ப்போம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வியாசர்பாடியில் அதை நின்று கேட்கும் பெண்ணுக்கு முதல் பாதி காற்றோடு போய்விடும்.

கோளாறு மூலத்திலிருந்தே வருகிறது. லத்தீனில் 'லீபெர்' என்றால் அடிமையாக இல்லாத, சுதந்திரமான என்று பொருள். அதில் பிறந்த 'லிபரல்' இரண்டாகக் கிளைத்தது. சுதந்திர மனிதனுக்கு உரியது என்பது ஒரு கிளை, கைவீசிக் கொடுப்பது இன்னொரு கிளை. அரசியலுக்கு வந்தது முதல் கிளை. 1810களில் ஸ்பெயினின் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றத்தில், மன்னரின் வரம்பில்லாத அதிகாரத்தை எதிர்த்தவர்கள் 'லிபராலெஸ்' என்று அழைக்கப்பட்டார்கள். தமிழில் பெயர்த்தவர்கள் பிடித்ததோ இரண்டாவது கிளையை. இந்தியிலும் இதே கதைதான்: அங்கே 'உதார்', அதுவும் கொடைக்குணம்தான்.

முன்னால் 'நியோ' ஒட்டியது 1938இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மனின் பெயரில் பாரிஸில் ஒரு கூட்டம் நடந்தது. ஹாயெக், மீசஸ் போன்ற சந்தை ஆதரவுப் பொருளியலாளர்கள் வந்திருந்தார்கள். தங்கள் கொள்கைக்கு ஜெர்மானியரான அலெக்சாண்டர் ரூஸ்தோவ் முன்வைத்த பெயர்தான் நியோலிபரலிசம். இதில் 'புதிது' எது? பழைய லிபரல்கள் சந்தையை அதன்போக்கில் விட்டுவிடு என்றார்கள். புதியவர்களோ, சந்தை தானாக நிலைக்காது, அதை அமைத்துக் காவல் காக்க வலுவான அரசு வேண்டும் என்றார்கள். 'அரசு விலகிக்கொள்வதுதான் நவதாராளவாதம்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். பள்ளி, மருத்துவமனை, குப்பை வண்டி ஆகியவற்றிலிருந்துதான் அரசு விலகும். லத்தி விலகாது. 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், சிகாகோவில் படித்த பொருளியலாளர்கள் இந்தக் கொள்கையைப் ராணுவ ஆட்சியாளர் பினோசெட்டின் துப்பாக்கி நிழலில்தான் நடைமுறைப்படுத்தினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் வசைப்பொருள் லத்தீன் அமெரிக்காவில்தான் ஊறியது. பிறகு 1979இல் பிரிட்டனில் பிரதமர் தாட்சர், 1981இல் அமெரிக்காவில் அதிபர் ரீகன். இந்தியாவுக்கு 1991. தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்ற மும்மயம் அப்போது நாளிதழ்த் தமிழில் நிலைத்தது.

சிலர் 'நவீன தாராளவாதம்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. நவீனம் வேறு, புதுப்பித்து வந்தது வேறு.

சரி, இப்போது தமிழ்ப் பக்கம் வருவோம். தாராளம் என்பது தாரை என்பதை ஒட்டிய சொல். நிற்காமல் ஒழுகுவது தாரை, ஒழுகுகிற மாதிரிக் கொடுப்பது தாராளம். அதே தாரையிலிருந்துதான் தாரைவார்ப்பும். தானம் கொடுக்கும்போது கையில் நீர் வார்த்துக் கொடுப்பது வழக்கம். வார்த்தால் திரும்பக் கேட்க முடியாது. 'தனியாருக்குத் தாரைவார்க்காதே' என்று தொழிற்சங்கங்கள் சுவரில் எழுதுவது இந்தப் பொருளில்தான். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் நீர் வார்த்துக் கொடுப்பதும் தாரைவார்ப்புதான் என்பதைச் சுவரில் எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. கொடுக்கப்படும் பொருளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனது. அதுவரை மாநகராட்சியின் கீழ் தற்காலிகமாக வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சம்பளம் 20,000 ரூபாய்க்கு மேலிருந்து 17,000க்குக் கீழே இறங்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. கேட்டது பணி நிரந்தரம். 13ஆம் நாள், நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை இலவசக் காலை உணவு, காப்பீடு என்று பல சலுகைகளை அறிவித்தது. உரிமையைக் கேட்டால் தாராளம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மண்டலத்துக்குப் பெயர் தந்த திரு.வி.க., பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918இல் தொடங்கிய சங்கத்தில் முன்னின்றவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பெண்ணியர்கள் இந்தச் சொல்லை அதிவலதுசாரியோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987இல் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் தாட்சர், சமூகம் என்று ஒன்று இல்லை, தனித்தனி ஆண்களும் பெண்களும் குடும்பங்களும்தான் இருக்கிறார்கள் என்றார். அரசு கைகழுவும் வேலையெல்லாம் குடும்பத்தின் தலையில் விழும் என்று அதற்கு அர்த்தம். குடும்பத்தில் யார் தலையில்? ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றால் மாமியாரை வீட்டில் பார்த்துக்கொள்வது யார், குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுவது யார்? சந்தை இந்தக் கூலியில்லா வேலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிவலதுசாரி அரசியல் அதே வேலைக்குத் தாய்மை, பண்பாடு என்று மாலை போடுகிறது. அர்ஜென்டினாவில் அதிவலதுசாரியான மிலேய் அதிபராக ஆட்சிக்கு வந்ததும் அரசுச் செலவையும் வெட்டினார், பெண்களுக்கான அமைச்சகத்தையும் மூடினார். இரண்டும் ஒரே கையால் நடந்தன.

2020 பிப்ரவரி 14 இரவுத் தடியடிக்குப் பிறகு, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் முஸ்லிம் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்தது இதே கணக்கின் மறுபக்கம். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவளிடம் பிறந்த வீட்டுக் காகிதம் இருக்காது. குடியுரிமையை நிரூபி என்று அரசு கேட்டால் முதலில் வெளியே நிற்பவள் அவள்தான்.

அப்படியானால் சரியான தமிழ்ச் சொல் எது? வடசென்னையில் மக்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கான்ட்ராக்ட். 'எல்லாத்தையும் கான்ட்ராக்ட்டுக்கு வுட்டுட்டாங்க' என்பதில் பாதி விளக்கம் அடங்கிவிடுகிறது. கொள்கையின் பெயராக அதை நீட்ட முடியாது, அவ்வளவுதான். நவதாராளவாதம் பாடநூல்களிலும் இதழ்களிலும் வேர்விட்டுவிட்டது, அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். மேடையிலும் துண்டறிக்கையிலும் நான் புதுச்சந்தைவாதம் என்றே எழுதுவேன். 'புது' என்பதை விட்டுவிடக் கூடாது. அது போனால் காவல் நிற்கும் அரசும் சேர்ந்து போய்விடும்.

இதன் கிளைச்சொல் ஒன்றும் உண்டு. அமெரிக்கச் சிந்தனையாளர் நான்சி ஃபிரேசர் 'முற்போக்கு நவதாராளவாதம்' என்று ஒன்றைக் கண்டிக்கிறார். உயர்பதவியில் நாலு பெண்கள் ஏறினால் போதும், கீழே கூட்டிப் பெருக்குகிறவளின் கூலியைப் பற்றிப் பேச்சில்லை என்கிற போக்கு அது. தமிழில் சந்தைப் பெண்ணியம் என்றாலே புரியும். நம் ஊரில் அது குழு லோனாக வாசலுக்கு வருகிறது. பெண்களுக்கு அதிகாரம் என்று பெயர், வாரத் தவணை கட்டாவிட்டால் வாசலில் சத்தம். பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் அர்ஜென்டினாவின் 'நி உனா மெனோஸ்' இயக்கப் பெண்கள் 2017இல் கடனையே போராட்டப் பொருளாக்கி, உயிரோடு, சுதந்திரமாக, கடனில்லாமல் வாழ விரும்புகிறோம் என்றார்கள். அந்த முழக்கத்தில் சுதந்திரத்துக்கு அவர்கள் வைத்த ஸ்பானிய மொழிச் சொல் 'லிப்ரெஸ்'. லத்தீன் லீபெரின் நேர்வாரிசு அது.