பீபில்: சுட்டதா, புழுக்கியதா?

கொச்சினீத்தா பீபில் என்ற மெக்சிகோப் பன்றிக்கறியைத் தமிழில் ‘சுட்ட பன்றி’ என்று யாரோ எழுதிவைக்க, மற்றவர்களும் அதையே படியெடுக்கிறார்கள். அந்தக் கறியை யாரும் சுடுவதே இல்லை.

கொச்சினீத்தா என்றால் ஸ்பானிய மொழியில் பன்றிக்குட்டி. பீபில், யுகத்தான் பகுதியின் மாயா மொழிச் சொல். பீப் என்பது மண்ணில் தோண்டிய அடுப்புக்குழி. அதில் வெந்தது பீபில். பன்றி ஸ்பானியரோடு வந்தது, குழி அதற்கு முன்பே இருந்தது. சொல் வரலாறு அவ்வளவுதான்.

இனி வழக்குக்கு வருவோம். குழிக்குள் விறகை எரித்துக் கல்லைக் காய வைப்பார்கள். அச்சியோட்டே என்ற செந்நிற விதையின் அரைப்பும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பிசறிய கறியை வாழையிலையில் பொதிந்து உள்ளே இறக்கி, மூடி, மேலே மண்ணைத் தள்ளுவார்கள். தீ கறியைத் தொடாது. தன் சாற்றிலும் ஆவியிலுமே மணிக்கணக்கில் வெந்து, எடுத்தால் விரல் பட்டதும் நார்நாராகப் பிரியும். சுட்ட கறிக்கு மேலே கருகிய பொருக்கு இருக்குமே, அது இதில் ஏது?

இந்த வேக்காட்டுக்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: புழுக்கு. பொருநராற்றுப்படையில் செம்மறிக் கறி ‘துருவையம் புழுக்கு’ என்று வருகிறது. இரண்டடி தள்ளி, கம்பியில் கோத்து வாட்டியது ‘காழின் சுட்ட’ ஊனாகத் தனியே வருகிறது. அன்றைக்கே பிரித்துச் சொன்னதை நாம் ஏன் குழப்ப வேண்டும்?

‘மண்புதை பன்றி’ என்று இன்னொரு கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யார் குழி தோண்டுகிறார்கள்? கனத்த சட்டியில் கறியை வைத்து, மூடியை இறுக்கி, 150 டிகிரி ஓவனில் மூன்று நான்கு மணி நேரம் விடுகிறார்கள். புளிப்பு ஆரஞ்சு இல்லையா, சாதா ஆரஞ்சோடு எலுமிச்சை. வாழையிலை இல்லையா, அலுமினியத் தாள். இதுவும் மண்புதையா? புழுக்கு என்றால் குழிக்கும் சரி, சட்டிக்கும் சரி. பெயரிலேயே புழு நெளிகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் புழுங்கல் அரிசிச் சோற்றை மட்டும் எப்படிச் சாப்பிடுகிறார்களோ! ‘தம் போட்ட பன்றி’ என்றால்கூட எனக்குச் சண்டையில்லை. தம் கடன்சொல்தான், ஆனால் பொய் சொல்லாது.

மொழிபெயர்ப்பவர்கள் அடுப்புப் பக்கம் போவதே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. ‘மெதுவாகச் சமைக்கவும்’ என்கிறார்கள். யார் மெதுவாக, சமைப்பவரா? சிறுதீயில் வேகவிடு என்றால் தீர்ந்தது. புளிப்பு ஆரஞ்சு ‘புளித்த ஆரஞ்சு’ ஆகிவிடுகிறது. புளித்துப்போனதைக் குப்பையில்தான் போடுவோம். அச்சியோட்டேயை அப்படியே விட்டால் போதும், அதைச் ‘செம்மசாலா’ ஆக்கி மிளகாய்த்தூளை அள்ளிப்போட வைக்கிறார்கள். அச்சியோட்டே தருவது செந்நிறமும் லேசான மண்வாசனையும்தான். காரம் வேண்டுபவர்களுக்குத்தான் ஆபனேரோ மிளகாய் பக்கத்தில் தனியாக வருகிறதே.